நான் மொழிபெயர்க்காமல் விட்டது

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு உணவகத்தின் மாடியில் பிரிவுபசார விருந்து. கோர்ட் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அதே வேலை பார்த்த பழைய ஆள் என்பதால் என்னையும் அழைத்து முன் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத தர்ஷினி என்ற பெண் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அங்கிள், இப்ப எல்லாம் ரெக்கார்டிங்லா. ஒரு வார்த்த விட்டுப்போச்சுன்னாலும் லாயர் உடனே போட்டுக் கேக்கணும்கிறாரு. உங்க டைம்ல அந்தத் தொல்லையே இல்லல்ல? நீங்க சொல்றதுதான் எவிடென்ஸ். விட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"எங்களுக்கு மனசாட்சிதாம்மா ரெக்கார்டிங்" என்றேன்.

மேசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் மேடை ஏறி மைக்கில் அதைத் திரும்பவும் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள்.

நான் சொன்னது பொய். அந்தப் பெண் நல்ல பெண். உண்மையான பதிலைக் கேட்கத்தான் வந்தாள். அதை இங்கே எழுதிவிடுகிறேன். எந்த ஊர் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறு கோர்ட்டினுடையது அல்ல.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா ரயில்வே கூலி. பிரிக்ஃபீல்ட்ஸ் குடியிருப்பில் இருந்துகொண்டே ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் நான். ஒரு தேர்வு, ஒரு நேர்முகம், சில மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. பயிற்சி அவ்வளவுதான். அதன் பிறகு வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை.

அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாஜிஸ்திரேட் மலாய்க்காரராக இருப்பார், சீனராக இருப்பார். கோர்ட் அப்போது ஆங்கிலத்தில் நடந்தது. கூண்டில் நிற்பவருக்குத் தமிழ் தவிர வேறு பேச்சு வராது. பின்னால் பெஞ்சில் இருக்கும் அவருடைய சொந்தபந்தத்துக்கும் அப்படித்தான். அவர் பேசுவது மாஜிஸ்திரேட்டுக்குப் புரியாது. நான் ஆங்கிலத்தில் சொல்வது அவருக்குப் புரியாது. இரண்டும் புரிந்தவன் அந்த அறையில் பெரும்பாலும் நான் ஒருவன்தான். அதனால் விதி மிகக் கடுமையானது: சொன்னதை எல்லாம் சொல்ல வேண்டும், சொல்லாததைச் சொல்லக் கூடாது. 'அவர் சொல்கிறார்' என்றுகூட ஆரம்பிக்கக் கூடாது. அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

எனக்கு மேலே இருந்தவர் திரு. சிவப்பிரகாசம். யாழ்ப்பாணத்தார். நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று, இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை. அவர் மொழிபெயர்க்கும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காது. ஒரு நாள் கள்ளுக்கடைச் சண்டைக் கேஸில் வந்தவன், கூண்டில் நின்றபடியே வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டரின் தாயைப் பற்றி ஒரு வசவை எடுத்துவிட்டான். பின் பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிவப்பிரகாசம் எழுந்து நின்று, அந்த வசவை உறுப்பு உறுப்பாக, நல்ல இலக்கண ஆங்கிலத்தில், 'நான்' என்று தொடங்கி, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொல்லி முடித்தார். இன்ஸ்பெக்டருக்கு யார் மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை.

மதியம் தேநீர்க் கடையில் நான் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

"ஏன் சிரிக்கிறீர்?" என்றார். "அவன் சொன்னதைச் சொன்னேன். எனக்கென்ன?"

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சில நாள் தன் வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் வந்து என் கோர்ட்டின் பின் பெஞ்சில் உட்காருவார். கையில் மடித்த செய்தித்தாள் இருக்கும். அதைப் பிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு முறை தோட்டத்துக் கிழவி ஒருத்தி சாட்சி சொன்னாள். திருடனைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, தன் ஆடு குட்டி போட்ட கதையிலிருந்து தொடங்கினாள். நான் கதையை விட்டுவிட்டு, "ஆம், வேலிக்குப் பக்கத்தில் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னேன். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"என்ன காணும், அந்த ஆட்டை என்ன செய்தனீர்?"

"அது கேஸுக்குச் சம்பந்தமில்ல சார்..."

"சம்பந்தம் இருக்கோ இல்லையோ எண்டு பாக்கத்தான் மேல ஒருத்தர் இருக்கிறார். நீர் உம்மட வாயை வாடகைக்கு விட்டிருக்கிறீர், விளங்குதோ? குடியிருக்கிறவை என்ன சமைக்கினம் எண்டு வீட்டுக்காரன் போய்ச் சட்டியைத் திறந்து பாக்கிறதில்லை."

அதற்குப் பிறகு நான் எதையும் விடவில்லை. ஆடு, கோழி, அழுகை, வசவு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வராத நாளிலும் பின் பெஞ்சை ஒரு முறை பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறப்பேன். நேர்மையானவன் என்று எனக்குப் பெயர் வந்தது. நானும் அப்படியே நம்பினேன்.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். பின் பெஞ்சில் மடித்த செய்தித்தாளோடு யாரும் வந்து உட்காரவில்லை.

முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு சின்னச் சின்னதாக. ஒரே விஷயத்தை மூன்று தரம் சொல்கிறவனுடைய பேச்சை ஒரு தரமாக்கினேன். "மன்னிச்சிக்குங்க" என்று சொல்லத் தெரியாத முரட்டு ஆளுக்காக அதை நானே சேர்த்தேன். அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. ஒன்றிரண்டு பேருக்கு அபராதம்கூடக் குறைந்திருக்கும். புதிதாக வந்த மாஜிஸ்திரேட் ஒரு நாள், உங்களோடு வேலை சீக்கிரம் முடிகிறது என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது.

அப்படி இருக்கும்போதுதான் அஞ்சலை வந்தாள்.

பந்திங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வேலையைப் பார்த்துக்கொள்ளும் மண்டோரைப் பழக்குலை தூக்குகிற இரும்புக் கொக்கியால் அடித்துவிட்டாள். காது கிழிந்து, ஆஸ்பத்திரியில் தையல் போட்டிருந்தது. ஆயுதத்தால் காயப்படுத்தியதாக வழக்கு. காலையில் கைதிகளைப் பார்த்து, ஒத்துக்கொள்கிறீர்களா, விசாரணை கேட்கிறீர்களா என்று விசாரித்து வைப்பது எங்கள் வழக்கம். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் முந்தானையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரவிக்கை நனைந்திருந்தது.

"சார், ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாமா? உள்ள இருக்கிற அக்கா சொன்னாங்க."

"அத நான் சொல்ல முடியாதும்மா. மாஜிஸ்திரேட்தான் முடிவு பண்ணணும்."

"புள்ளைக்கு இன்னும் ஒரு வயசு ஆவல சார். மாமியாகிட்ட உட்டுட்டு வந்திருக்கேன். பால் கட்டிக்கிட்டு உசிரு போவுது. ஒத்துக்கிறேன் சார். சீக்கிரமா கூப்பிடச் சொல்லுங்க."

சீக்கிரமாகவே கூப்பிட்டேன். குற்றச்சாட்டை வாசித்துத் தமிழில் விளக்கினேன். ஒத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் சம்பவ விவரத்தை வாசித்தார்: வேலை சரியில்லை என்று மண்டோர் கண்டித்தார், இந்தப் பெண் கொக்கியால் தாக்கினார். அதைத் தமிழில் சொல்லி, "இது சரியா?" என்று கேட்டேன். இங்கேதான் எல்லாம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் இந்த இடத்தில் தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னால், ஒத்துக்கொண்டது செல்லாது. மாஜிஸ்திரேட் அதைத் தள்ளிவிட்டு, வழக்கை முழு விசாரணைக்குப் போட வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அவள் இரண்டு கையாலும் கூண்டைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"அடிச்சது நெசந்தாங்க தொரை. பொய் சொல்ல மாட்டேன். ஆனா சும்மா அடிக்கலங்க. அந்தப் பக்கம் யாருமே இல்ல. பின்னாலேர்ந்து வந்து கையப் புடிச்சான். விடுடான்னேன். விடல. மாராப்புல கை வச்சான். கொக்கி கையில இருந்திச்சு, போட்டேன். வேற என்னங்க செய்வேன்?"

பின் பெஞ்சில் அவளுடைய கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் பக்கத்தில் வேறு கேஸுக்கு வந்திருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: விவரங்களை ஒத்துக்கொள்கிறார். கோபத்தில் செய்துவிட்டார். கைக்குழந்தை இருக்கிறது. கருணை காட்டும்படி கேட்டுக்கொள்கிறார்.

'நான்' என்றுகூடச் சொல்லவில்லை. 'கோபத்தில்' என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. வாக்கியம் முழுமையாக இருக்கட்டும் என்று நான் சேர்த்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லிட்டேம்மா."

மாஜிஸ்திரேட் எழுதி முடித்தார். கோபம் வந்தால் ஆயுதத்தைத் தூக்கும் பழக்கத்தைத் தோட்டங்களில் அனுமதிக்க முடியாது என்றார். நான்கு மாதச் சிறை. அதை மட்டும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அவள் அழவில்லை. மாஜிஸ்திரேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். காவலர் கையைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

ஏன் அப்படிச் செய்தேன்? பல வருடம் எனக்கு நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். விசாரணைக்குப் போனால் ஜாமீன் எடுக்க ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பாள். ஒத்துக்கொண்டால் நன்னடத்தைப் பத்திரத்தோடு போய்விடுவாள். குழந்தைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு வழக்குகள் நிறைய என்பதும் உண்மை. மாஜிஸ்திரேட்டுக்கு என் வேகம் பிடிக்கும் என்பதும் உண்மை. அந்தச் சொற்களை, பெண்ணின் மார்பைப் பற்றியவற்றை, 'நான்' என்று தொடங்கி நிறைந்த கோர்ட்டில் ஓர் ஆணின் வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது என்பதும் உண்மை. சிவப்பிரகாசம் பின்னால் உட்கார்ந்திருந்தால் இத்தனை காரணங்களும் இருந்தும் நான் ஒரு சொல்லையும் விட்டிருக்க மாட்டேன் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய உண்மை.

அன்று மதிய இடைவேளையில் மாஜிஸ்திரேட்டின் அறை வரை போனேன். சொல்லியிருந்தால் திருத்த வழி இருந்தது. வாசலில் இருந்த பியூன், "துவான் மாக்கான்லா, அப்புறம் வாங்க" என்றான். சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றிருக்கலாம். திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் போகவில்லை. சொன்னால் வேலை போகும். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில் சிவப்பிரகாசத்தின் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் வாசலில் பூச்சட்டிகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தார். தேநீர் வந்தது. சுற்றி வளைத்து, "சார், யாருக்கும் தெரியாத எடத்துலகூட நீங்க ஒரு வார்த்தையும் விட்டதில்லையே, அது எப்படி?" என்று கேட்டேன். கடமை, தெய்வம், சத்தியம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பயம்தான் தம்பி" என்றார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஒருக்கா விட்டேன் எண்டால் அடுத்தது எதை விடலாம் எண்டு நான் யோசிக்க வேணும். அதுக்குப் பிறகு என்னைப் பிடிக்க ஏலாது. எனக்கு அந்தளவு மூளையும் இல்லை, நல்ல மனசும் இல்லை. எல்லாத்தையும் சொல்லிப்போட்டால் சுகமா வீட்ட வந்து படுக்கலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், ஏதும் விட்டுட்டீரோ?"

"இல்ல சார்" என்றேன்.

அவர் தன்னைக் கண்டு பயந்தார். நான் அவரைக் கண்டு பயந்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதற்குப் பிறகு நான் எதையும் விட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அஞ்சலையைத் திருப்பிக் கொண்டுவர முடியாததால், வந்தவர்களுக்கெல்லாம் அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோர்ட் மலாய் மொழிக்கு மாறியது, மாஜிஸ்திரேட்டுகள் மாறினார்கள், எனக்கு முடி நரைத்தது.

தொண்ணூறுகளின் பின்பகுதியில் ஒரு நாள் கிள்ளான் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் காய்கறிப் பையோடு வந்து உட்கார்ந்த பெண் என்னையே பார்த்தார்.

"கோர்ட்டு சார்தானே?"

நிறையப் பேர் அப்படிக் கேட்பார்கள். தலையாட்டினேன்.

"என்னைய ஞாபகம் இருக்காது. அஞ்சலை. மண்டோரு காத அறுத்தவ." சொல்லிவிட்டுச் சிரித்தார். முன் பல் ஒன்று இல்லை. "நீங்க அன்னிக்கி எனக்காகப் பேசுனீங்க."

குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"கொழந்தையா? கல்யாணமே பண்ணிக் குடுத்துட்டேன் சார், போன மாசம். நான் ஜெயில்லேர்ந்து வந்தப்ப பால் வத்திப்போச்சு, புள்ள என்கிட்ட வரவே இல்ல. அப்புறம் சரியாப்போச்சு. தெலுக் பங்லிமா காராங்ல பாக்டரி வேலைக்குப் போய்க்கிட்டிருந்தா. அங்க சூப்பர்வைசரு ஒருத்தன் கைய வைக்கிறான்னு வந்து அழுதா. போலீசுக்குப் போறேன்னா. நான்தான், போவாதடி, வேலைய விட்டுருன்னேன். கோர்ட்டுலயே நின்னு சொன்னவ நான். தொரை பேனாவக் கையில வச்சிக்கிட்டு அம்புட்டையும் கேட்டாரு. கேட்டுட்டுத்தானே உள்ள தள்ளுனாரு? இவ போய்ச் சொல்லி மட்டும் என்ன ஆவப்போவுது? அதான் மாப்பிள்ள பாத்து முடிச்சிட்டேன். படிச்சி என்னமோ ஆவணும்னு ஆசப்பட்டா."

அவர் இத்தனை வருடமும் எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிறையை அல்ல. சொன்னேன், கேட்டார்கள், கேட்டும் ஒன்றுமில்லை என்பதை. அதைத் தன் மகளுக்கும் கொடுத்திருந்தார்.

"அஞ்சலை, அவர் கேக்கல" என்றேன். "நான் சொல்லல."

"என்னா சொல்லல?"

"மண்டோர் கையப் புடிச்சத, மாராப்புல கை வச்சத. எதையும் அவருகிட்ட இங்கிலீஷ்ல நான் சொல்லல. கோவத்துல அடிச்சிட்டீங்க, மன்னிச்சிருங்கன்னு மட்டும் சொன்னேன். சொல்லியிருந்தா உங்கள உள்ள போட்டிருக்க மாட்டாரு. கேஸு விசாரணைக்குப் போயிருக்கும்."

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"சொல்லிட்டேன்னு சொன்னீங்களே சார்."

"பொய் சொன்னேன்."

"அப்ப அந்தத் தொரைக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"ஐயையோ. அந்த மனுசன மண்ண வாரித் தூத்தியிருக்கேனே சார். கோயில்ல நின்னு, அவன் குடும்பம் வெளங்காமப் போவணும்னு." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "இத ஏன் சார் இப்ப சொல்றீங்க? எம்பொண்ணு கல்யாணமே முடிஞ்சிபோச்சு. இத நான் எங்க கொண்டு போய் வைக்கிறது?"

அவருக்காகச் சொன்னேனா, என் பாரம் இறங்கச் சொன்னேனா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அன்றும் அவளுக்காகத்தான் செய்தேன் என்று நினைத்திருந்தேன்.

ஒரு பஸ் வந்து போனது. பிறகு, "இப்ப சொல்லுங்க" என்றார்.

"என்ன?"

"அன்னிக்கி நான் சொன்னத. அந்தத் தொரைகிட்ட இங்கிலீசுல எப்படிச் சொல்லியிருக்கணுமோ, அப்படி."

சுற்றிலும் ஆட்கள். டிக்கெட் விற்பவன் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தான். நான் அவரைப் பார்த்து, ஆங்கிலத்தில் சொன்னேன். அடித்தது உண்மை என்பதிலிருந்து, வேறு என்ன செய்வேன் என்பது வரை. எதையும் சேர்க்கவில்லை. எனக்கு ஒரு சொல்லும் மறந்திருக்கவில்லை. ஒன்றும் புரியாவிட்டாலும் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

நிறுத்தியதும் இன்னும் வரும் என்று காத்திருந்தார்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"இம்புட்டு நேரந்தான் ஆவுமா சார்?" என்றார் அஞ்சலை.